பூஜ்யத்திலிருந்து எண்ணும் வரிசை

காலை நாலேகால்.
ஹீயுமா தீவில் மின்சாரம் போய்த்
திரும்பி வந்ததை
யாரும் பார்க்கவில்லை,
பனிச்சாலை அலுவலகத்து இயந்திரத்தைத் தவிர.
அது கண் விழித்தது.
கறுப்புத் திரையில் நான்கு வரிகளை விரித்து
எதைக்கொண்டு எழட்டும் என்று கேட்டது.
ஐந்து வினாடி பொறுத்தது.
அறையில் ஆளில்லை.
சொல்லி வைத்திருந்த எண்ணை
அதுவே எடுத்துக்கொண்டது.

ஏழு மணிக்கு
உறைந்த கடலின் விளிம்பில்
தடுப்புக் கம்பத்துக்கு முன்னால்
ஐவோவின் ரொட்டி வண்டி நிற்கிறது.
பனியின் தடிமன் காட்டும் பலகையில்
எண் இல்லை, ஒரு கோடு மட்டும்.
நேற்று இருபத்தெட்டு சென்டிமீட்டர்.
ஒரே இரவில் கடல் கரைந்துவிடாது என்று
அவனுக்குத் தெரியும்,
கம்பத்துக்குத் தெரியாது.
இருக்கைப் பட்டையை அவிழ்த்துவிட்டே
காத்திருக்கிறான்.
பனிமேல் ஓட்டுகிறவன் கட்டிக்கொள்வதில்லை,
வண்டி அமிழ்ந்தால்
கை முதலில் தேடுவது கதவை.

விர்வே வந்து சேர்கிறாள்,
ஒரு கையில் மட்டும் கையுறையோடு.

கெர்னலுக்கு அவள் மொழியில் தூம் என்று பெயர்.
கொட்டைக்குள் இருக்கும் பருப்புக்கும் அதே சொல்.
ஓடு ஒன்று, பருப்பு நான்கு
அவளுடைய இயந்திரத்தில்.
புதியவை மூன்றும் கெட்டிக்காரப் பருப்புகள்.
வேகம் உண்டு, காவல் உண்டு,
உலகத்து வன்பொருள் எல்லாம் அத்துப்படி,
பனிக்குள் இறக்கிய பதினாறு கம்பிகளின் பேச்சைக் கேட்கும்
அந்தப் பழைய அட்டை ஒன்றைத் தவிர.
அதன் டிரைவரை
எங்கோ யாரோ நீக்கிவிட்டார்கள்,
இதை இன்னும் வைத்திருப்பவர் யாருமில்லை என்று.
இருக்கிறாள் ஒருத்தி,
விரல் விறைத்துப்போய்.

நாலாவது பழசு.
அதற்கு மட்டும் கம்பிகளின் பாஷை தெரியும்.
அதனால்தான் அதை அழிக்கவில்லை.
போன மாதம் அமைப்புக் கோப்பில்
அவளேதான் எழுதினாள்: முன்னிருப்பு, இரண்டு.
இயந்திரம் பூஜ்யத்திலிருந்து எண்ணும்,
ஆகவே இரண்டு என்றால் மூன்றாவது.
அன்றைக்கு வரிசையில் மூன்று பேர்தான்,
மூன்றாவது பழசு.
அந்தக் கணக்கில் பிசகில்லை.

செவ்வாய் இரவு ஒரு மேம்படுத்தல் வந்தது.
வரிசையின் தலைமாட்டில்
புதியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.
பந்தியில் இப்படி நடப்பதுண்டு,
தாமதமாக வந்த சம்பந்திக்கு இடம் விட்டு
எல்லோரும் ஓர் இலை தள்ளி அமர
மூன்றாவது இலைக்கென்று சொல்லிவிட்ட
சர்க்கரையில்லாப் பாயசம்
வேறு யார் இலையிலோ விழும்.
பரிமாறியவரைக் குறை சொல்ல முடியாது.
மூன்றாவது இலை என்றுதானே சொன்னீர்கள்?

மறுதொடக்கம்.
கீழ்நோக்கும் அம்புக்குறியை ஒருமுறை தட்டினாள்.
வெள்ளைப் பட்டை நாலாம் வரிக்கு இறங்கியது.
எண்டர்.
எழுத்துகள் சரசரவென்று மேலேறிப் போக
பதினாறு கம்பிகளும் ஒவ்வொன்றாகப் பேசின.
பலகையில் இருபத்தொன்பது.
கம்பம் உயர்ந்தது.
ஐவோ கை காட்டினானா என்று அவள் பார்க்கவில்லை,
கோப்பைத் திறந்திருந்தாள்.

இரண்டை அழித்தாள்.
அந்த இடத்தில் மேற்கோள் குறிகளுக்குள்
பழசின் முழுப் பெயரை எழுதினாள்,
புள்ளியும் சிறுகோடும் எண்ணுமாக
வாயில் நுழையாத பெயர்.
இரண்டு முறை சரிபார்த்தாள்.
இனி யார் வந்து எங்கே உட்கார்ந்தாலும் சரி.
ஐந்து வினாடியை முப்பதாக்கலாமா என்று
ஒரு யோசனை வந்தது.
ஆளில்லா அறையில்
ஐந்தும் முப்பதும் ஒன்றுதான். விட்டுவிட்டாள்.
எழுதினால் மட்டும் போதாது,
மெனுவைப் புதிதாக அடுக்கச் சொல்லும் கட்டளையையும் தர வேண்டும்.
முன்பொருமுறை அதை மறந்து
ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவள்.

வண்டி மறுகரை சேர்ந்ததாகச் செய்தி வந்தபின்
மின்கம்பியைச் சுவரிலிருந்து தானே பிடுங்கினாள்.
பத்து எண்ணி மீண்டும் செருகினாள்.
கறுப்புத் திரை. நான்கு வரிகள்.
இரு கைகளையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.
விசைப்பலகையைத் தொடாமல் இருப்பதுதான் சோதனை.
ஐந்து. நான்கு.
பட்டை நாலாம் வரியிலேயே நின்றது.
மூன்று. இரண்டு.
இடது பையின் கிழிசல் வழியே விரல் உள்துணிக்குள் இறங்க
அங்கே கம்பளி தட்டுப்பட்டது.
ஒன்று.